எடை குறைக்க ஒரு நாளைக்கு எத்தனை கலோரி? உங்களுக்குரிய எண்ணை நீங்களே கண்டறியும் முறை

எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்த மறுநாளே, யாராவது ஒருவர் வழியாக 1,200 என்ற எண் அவரிடம் வந்துசேர்ந்துவிடுகிறது. உயரம் என்ன, வயது என்ன, நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவரா, கடையில் நின்றுகொண்டே இருப்பவரா என்று எதையும் கேட்காமல் எல்லோருக்கும் அதே எண் தரப்படுகிறது. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பின்பற்றியவர் நான்காவது வாரம் கைவிடும்போது, தவறு அந்த எண்ணில் இருக்கக்கூடும் என்று நினைப்பதில்லை. தமக்கு மனஉறுதி போதவில்லை என்றே வருந்துகிறார். என் அக்கா இப்படி மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டவர். நான்காவது முறை நாங்கள் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, அவருடைய உடலுக்கும் அவருடைய சமையலறைக்கும் பொருந்துகிற ஓர் எண்ணைக் கணக்கிட்டோம். அந்த வழியைத்தான் அவருடைய கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், உணவைப் பற்றிய அச்சமோ கட்டுப்பாடின்றி உண்டு பின் வாந்தியெடுக்கும் பழக்கமோ எப்போதேனும் இருந்தவர்கள் ஆகியோர் இந்தக் கணக்கைத் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைக் குறைத்தால், மருந்தின் அளவு அப்படியே இருக்க உணவு மட்டும் குறைந்து, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். மற்றவர்கள் தொடரலாம்.

எடை குறைக்கும் தேவை உண்மையிலேயே உண்டா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. இந்தியர்களுக்கு இது 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று கொள்ளப்படுகிறது. மேற்கத்திய நாடுகளில் வழங்கும் 25, 30 என்ற எல்லைகளைவிட இவை தாழ்வாக இருப்பதற்குக் காரணம், நம்மவர்களுக்கு அதே எடையில் வயிற்றுப் பகுதிக் கொழுப்பு கூடுதலாக இருப்பதும், சர்க்கரை நோயும் இதய நோயும் குறைந்த எடையிலேயே தலைகாட்டுவதும்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அப்போது வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ, குறியீடு 29.6.

சமன்பாடு தரும் தொடக்க எண்

அசையாமல் படுத்திருந்தாலும் இதயம் துடிக்கவும், மூச்சு விடவும், உடற்சூட்டைக் காக்கவும் உடல் ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றலைச் செலவழிக்கிறது. இந்த அடிப்படைச் செலவை மதிப்பிட 1919ஆம் ஆண்டிலேயே ஹாரிஸ், பெனடிக்ட் ஆகிய இருவர் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலான உணவியல் வல்லுநர்கள் பயன்படுத்துவது, 498 பேரை அளந்து 1990இல் வெளியிடப்பட்ட மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு. கைக்கணக்காகவே போட்டுவிடலாம்: எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியாக ஆண் என்றால் 5ஐக் கூட்டுங்கள், பெண் என்றால் 161ஐக் கழியுங்கள். அக்காவின் கணக்கு 740 + 987.5 − 210 − 161, அதாவது ஏறத்தாழ 1,356 கலோரி. பேச்சு வழக்கிலும் இந்தக் கட்டுரையிலும் கலோரி என்பது கிலோ கலோரியையே குறிக்கிறது; பொட்டலத்தில் கிலோ ஜூல் என்று அச்சிட்டிருந்தால் அதை 4.184ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அடிப்படைச் செலவை நாள் முழுவதுமான நடமாட்டத்துக்கு ஏற்பப் பெருக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்து, உட்கார்ந்தே வீடு திரும்புகிறவருக்கு 1.2; தினமும் சிறிது நடந்து, வீட்டு வேலையும் செய்பவருக்கு 1.375, வாரத்தில் பெரும்பாலான நாள்கள் முறையாக உடற்பயிற்சி செய்பவருக்கு 1.55. பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். வாரம் இருமுறை மொட்டை மாடியில் நடப்பதை வைத்து 1.55ஐத் தேர்ந்தெடுத்தால், அந்த ஒரு தேர்வே 300, 400 கலோரியைப் பொய்யாகக் கூட்டிவிடும். இந்தியர்களின் அடிப்படைச் செலவு மேற்கத்தியச் சமன்பாடுகள் சொல்வதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது பல அளவீடுகளில் தெரியவந்திருப்பதால், ஐயம் வந்தால் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு 1.2 என்றால் 1,628, 1.375 என்றால் 1,865. வங்கியில் உட்கார்ந்த வேலை, வீட்டில் ஓயாத வேலை என்பதால் இரண்டுக்கும் நடுவில் 1,750 என்று வைத்துக்கொண்டோம். எடை கூடாமலும் குறையாமலும் நிற்கத் தேவையான அளவு இது.

இந்த எண் ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே எடை கொண்ட இரண்டு பெண்களுக்குள்ளேயே தசையின் அளவாலும், பரம்பரையாலும், தம்மை அறியாமல் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதாலும் நூறு, நூற்றைம்பது கலோரி வித்தியாசம் எளிதாக வந்துவிடும். அதனால்தான் அடுத்து வரும் பகுதியை இந்தக் கட்டுரையின் உயிர்நாடியாகக் கருதுகிறேன்.

இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

உணவைக் குறைப்பதற்கு முன், வழக்கமாகச் சாப்பிடுவதை இரண்டு வாரம் அப்படியே சாப்பிட்டு, எல்லாவற்றையும் எடை போட்டு எழுதிவையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்று போதும். அக்கா முதல் நாளே, "நான் ஒன்றும் அதிகமாகச் சாப்பிடுவதில்லை, போனால் போகிறது என்றாலும் 1,300தான் வரும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம்மில் எவராலும் இதைக் கண்ணால் மதிப்பிட முடிவதில்லை. நாளைக்கு 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை நியூயார்க் ஆய்வாளர்கள் துல்லியமான முறையில் அளந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் தங்கள் உணவை உண்மையில் இருந்ததைவிட 47 சதவீதம் குறைவாகவும், தங்கள் உடலுழைப்பை 51 சதவீதம் கூடுதலாகவும் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய உடலின் ஆற்றல் செலவில் எந்தக் கோளாறும் இல்லை.

அக்காவின் தட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மதியத்துக்கு மூன்று கரண்டிச் சோறு என்று நோட்டில் எழுதியிருந்தார். கரண்டியை அழுத்தி எடுத்துத் தராசில் வைத்தபோது ஒரு கரண்டி 135 கிராம் வந்தது. மேலோட்டமாக அள்ளினால் அதே கரண்டி 90 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி என்பதால், அழுத்தம் ஒன்றாலேயே மூன்று கரண்டிக்குள் 175 கலோரி கூடியிருந்தது. அதைவிட வியப்பளித்தது தாளிப்பு. கண்ணளவாக வாணலியில் ஊற்றியதைக் கிண்ணத்தில் பிடித்து அளந்தோம். "ஒரு ஸ்பூன்தான்" என்று அவர் சொன்னது நான்கு தேக்கரண்டியாக இருந்தது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி; நல்லெண்ணெய், கடலை எண்ணெய், செக்கு எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவானாலும் இதில் மாற்றமில்லை, ஏனெனில் கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி.

எண்ணெயை ஒவ்வொரு முறையும் அளக்கச் சிரமமாக இருந்தால் மளிகைக் கணக்கிலிருந்தே கண்டுபிடிக்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், அதன் எடை சுமார் 3,640 கிராம். 9ஆல் பெருக்கினால் 32,760 கலோரி. நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 273 கலோரி. வடை பொரித்து மீந்த எண்ணெயைக் கொட்டியிருந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் பின்னால் நாங்கள் வைத்துக்கொண்ட 1,400 கலோரி இலக்கின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு யாரும் எழுதாத ஒரு பொருளில் போய்க்கொண்டிருக்கிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

பொதுவாக ஒரே பாத்திரத்தில் சமைத்து எல்லோரும் பகிர்ந்துண்ணும் நம் வீடுகளில், ஆயத்த உணவுக்கான செயலிகள் தரும் எண்கள் அதிகம் உதவுவதில்லை. "சாம்பார் ஒரு கிண்ணம்" என்று தேடினால் 60 முதல் 200 வரை ஏதேதோ வரும். சரியான வழி, பாத்திரத்தின் வெற்று எடையை முன்பே குறித்துவைத்து, போடும் பொருள்களை எடை போட்டு, சமைத்து முடித்ததும் மொத்த எடையைப் பார்ப்பது. அக்கா வீட்டுச் சாம்பாரில் துவரம்பருப்பு 150 கிராம், அதாவது ஏறத்தாழ 500 கலோரி. எண்ணெய் நான்கு தேக்கரண்டி, 160. காய்கறி 400 கிராம், சுமார் 120. புளி, வெல்லம், பொடி எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 820 கலோரி, இறக்கியபோது 1,500 கிராம். ஆக 100 கிராமுக்கு 55 கலோரி, 150 கிராம் கிண்ணத்துக்கு 80 சொச்சம். ஒருமுறை இதைச் செய்து சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்துவிட்டால், அதே கைப்பக்குவம் தொடரும் வரை மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையில் 528 பொருள்களின் அளவுகள் உள்ளன. கீரை, சிறுதானியம், மீன் வகைகளுக்கு அதைவிட நம்பகமான ஆதாரம் நமக்கு இல்லை. அட்டவணைகள் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கே அளவு சொல்கின்றன என்பதைக் கவனியுங்கள்: பச்சரிசியோ புழுங்கலரிசியோ 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, அதுவே வெந்து 270, 280 கிராம் சோறாகிறது. அரிசிக்கான எண்ணைச் சோற்றுக்கும், சோற்றுக்கான எண்ணை அரிசிக்கும் போட்டுவிட்டால் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

எழுத மறக்கும் பொருள்களின் பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். அக்காவின் பட்டியலில் இருந்தவை: குழந்தைகள் தட்டில் மீந்த தோசை ஓரம், உப்புப் பார்க்க ஒரு கரண்டி, அலுவலகத்தில் யாருக்கோ பதவி உயர்வு என்று வந்த மைசூர்பாகு, மாலைக் காப்பியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பாலும் அப்படித்தான். மூன்று சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால் 100 மில்லிக்குச் சுமார் 60 கலோரி, ஆறு சதவீதக் கொழுப்புள்ள நிறை கொழுப்புப் பால் 90க்குச் சற்றுக் குறைவு. நாளைக்கு நான்கு முறை காப்பி குடிப்பவருக்குப் பால் பொட்டலத்தை மாற்றுவதால் மட்டுமே நூறு கலோரிக்கு மேல் மிச்சமாகும்.

இரண்டு வார முடிவில் அக்காவின் சராசரி 1,780 கலோரி, எடையில் மாற்றமில்லை. சமன்பாடு சொன்ன 1,750க்கும் இதற்கும் இடைவெளி சிறிது. உங்களுக்குப் பெரிய இடைவெளி வந்தால், இரண்டு வாரமும் நேர்மையாக எழுதியிருக்கும் பட்சத்தில், சமன்பாட்டைவிட உங்கள் நோட்டையே நம்புங்கள்.

எவ்வளவு கழிப்பது

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது. முதல் சில மாதங்களுக்கு இது ஓரளவு பொருந்தும்; ஆண்டுக்கணக்கில் நீட்டிப் பார்த்தால் பொருந்தாது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. மிஃப்ளின் சமன்பாட்டிலேயே பார்க்கலாம்: ஐந்து கிலோ இறங்கினால் அடிப்படைச் செலவில் 50 கலோரி குறையும், நடமாட்டத்துக்காகப் பெருக்கும்போது அது 65 ஆகும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட கணக்கு நடைமுறைக்கு நெருக்கமானது. அதன்படி நாளுக்கு 24 கலோரியை நிலையாகக் குறைத்தால் நாளடைவில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி முதல் ஓராண்டிலும், ஏறத்தாழ முழுவதும் மூன்றாண்டுகளிலும் நிகழும். பொறுமையைக் கோரும் கணக்குதான், ஆனால் ஏமாற்றாத கணக்கு.

ஆகவே தற்போதைய அளவிலிருந்து 15 முதல் 20 சதவீதம் வரை கழிப்பதே பெரும்பாலோருக்கு ஏற்றது என்பது என் முடிவு. அக்காவுக்கு 1,750இல் 20 சதவீதம் 350. இலக்கு 1,400 கலோரி. மாதம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும் என்று எதிர்பார்த்தோம். முதல் குறிக்கோளாக இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதத்தை வைத்துக்கொண்டால் போதும். அந்த அளவு இறங்கினாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். 74 கிலோவுக்கு அது 70க்கும் 66.5க்கும் இடைப்பட்ட எடை.

விரைவில் இறங்க வேண்டும் என்று 800, 900க்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே தாமாக இறங்கக் கூடாது. 800க்குக் கீழான உணவுமுறை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே நடத்தப்படுவது. வேகமாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது, தலைமுடி கொத்தாக உதிர்கிறது. மனத்துக்கு நேர்வது அதைவிடக் கடுமை. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், நல்ல உடல்நலம் கொண்ட 36 இளைஞர்கள் 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரியில் வைக்கப்பட்டார்கள். வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்த அவர்கள் எப்போதும் குளிரால் நடுங்கினார்கள், எதிலும் நாட்டமிழந்தார்கள், உணவைத் தவிர வேறெதையும் எண்ண முடியாமல் சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உயரமும் உழைப்பும் வேறு என்பதால் அந்த எண்ணை நம்மோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் தேவைக்கும் உணவுக்கும் இடையிலான பள்ளம் மிகப் பெரிதானால் எப்படிப்பட்ட உறுதியும் உடைந்துபோகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1,400 கலோரி தட்டில் எப்படி இருக்கும்

எண்ணைத் தீர்மானித்த பிறகு, அது வழக்கமான உணவுக்குள் அடங்குகிறதா என்று ஒரு நாள் உணவை எழுதிப் பார்த்துவிட வேண்டும். அக்காவின் தொடக்க நாள்களில் ஒன்று இது. காலை எழுந்ததும் சமன்படுத்திய பால் 100 மில்லியில் சர்க்கரையில்லாக் காப்பி, 60. சிற்றுண்டிக்கு மூன்று இட்லி 180, ஒரு கிண்ணம் சாம்பார் 80, தேங்காய்ச் சட்னி 25 கிராம் 50. மதியம் 60 கிராம் அரிசியில் வடித்த சோறு 210, சாம்பார் 80, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் செய்த பீன்ஸ் பொரியல் 90, அவித்த முட்டை ஒன்று 75, தயிர் 100 கிராம் 60. மாலையில் காப்பி 60, கொண்டைக்கடலைச் சுண்டல் 120. இரவு எண்ணெய் தடவாத இரண்டு சப்பாத்தி 200, பாசிப்பருப்புக் கூட்டு 130. மொத்தம் 1,395.

கலோரி அடங்கிவிட்டது, புரதத்தைக் கூட்டிப் பார்த்தபோது 55 கிராம் அளவில்தான் நின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, சாதாரண நாள்களிலேயே உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம். எடை குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். எனவே இரண்டாவது வாரம் முதல் இட்லியில் ஒன்றைக் குறைத்து, இன்னொரு முட்டை அல்லது குழம்பு மீன் ஒரு துண்டு சேர்த்தோம். சைவர்களுக்குச் சுண்டலும் பருப்பும் தயிரும் போதாத நாள்களில் சோயா உருண்டை கைகொடுக்கும். காய்ந்த எடையில் 30 கிராமிலேயே 15 கிராம் புரதம் கிடைத்துவிடும். பொரியலின் அளவை இரட்டிப்பாக்கியதும் உதவியது. வெண்டைக்காயும் புடலையும் முட்டைக்கோசும் வயிற்றை நிரப்பினாலும் கலோரியில் மிகச் சொற்பம், எண்ணெயும் தேங்காய்த் துருவலும் கட்டுக்குள் இருக்கும் வரை. துருவிய தேங்காய் 100 கிராமுக்கு 350 கலோரிக்கு மேல் என்பதால் அதைத் தராசில் வைத்தே போட வேண்டும். விட்டுவிட வேண்டிய அவசியமில்லை.

இலக்கை நாள் கணக்காகப் பார்ப்பதைவிட வாரக் கணக்காகப் பார்ப்பது நம் வாழ்க்கைக்கு ஏற்றது. 1,400ஐ ஏழால் பெருக்கினால் 9,800. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு 1,900 ஆகும் என்று முன்பே தெரிந்தால், மற்ற ஆறு நாள்களுக்கு 1,317 வீதம் வைத்துக்கொள்ளலாம். கல்யாண விருந்துக்குப் போய்வந்த மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பட்டினி மாலை ஆறு மணிக்கு மிக்சர் டப்பாவில் போய் முடிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரத நாள்களிலும் ஒருவேளைச் சோற்றை விட்டதற்கு ஈடாக இரவில் நெய்யூற்றிய பலகாரம் வந்துவிடுகிறதா என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.

நடைப்பயிற்சி செய்தால் அந்தக் கலோரியை உணவில் திரும்பச் சேர்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சேர்க்க வேண்டாம். 74 கிலோ எடையுள்ளவர் ஒரு மணிநேரம் மிதமான வேகத்தில் நடந்தால், சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்த பின், மிஞ்சுவது 180 கலோரி அளவுதான். கைக்கடிகாரம் காட்டுவது இதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கலாம்.

தராசு சொல்வதைக் கேட்டு எண்ணைத் திருத்துதல்

காலையில் கழிப்பறை சென்றுவந்த பின், எதுவும் குடிக்கும் முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். அன்றன்றைய எண்ணைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம், ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது வாரத்தில் அக்காவின் எடை 72.6இலிருந்து இரண்டே நாளில் 73.5 ஆனது. காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் வீண்" என்றார். முந்தைய நாள் ஒரு வளைகாப்பில் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டிருந்தார், மாதவிலக்குக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி கூடுதலாக உண்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பது நோட்டிலேயே இருந்தது. உப்பும் மாதச் சுழற்சியும் பிடித்துவைத்த நீர் ஐந்தாம் நாள் வடிந்து, எடை 72.4க்கு வந்தது. பெண்கள் இதனால்தான் ஒரு மாதச் சுழற்சியின் முதல் வாரத்தை அடுத்த சுழற்சியின் முதல் வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

முதல் மாதம் 1.9 கிலோ இறங்கியது. அதில் ஒரு பகுதி நீர்தான். இரண்டாவது மாதம் 0.9. கணக்குக்கும் நடப்புக்கும் இந்த அளவு வேறுபாடு இயல்பே. நான்கு வாரம் கழித்து வாரச் சராசரி அசையவே இல்லை என்றால், இலக்கைக் குறைப்பதற்கு முன் ஒரு வாரம் மறுபடி தராசும் கையுமாக நின்று எல்லாவற்றையும் அளந்து பாருங்கள்; கரண்டி மெல்ல மெல்லப் பழைய அளவுக்குப் போயிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அளவு சரியாக இருந்தும் எடை நிற்கிறது என்றால் 100 கலோரி குறைக்கலாம். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒரு சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலோ, தலைச்சுற்றல், தூக்கமின்மை, எந்நேரமும் எரிச்சல், மாதவிலக்கு தவறுதல் ஆகியவை தென்பட்டாலோ 150 கலோரி கூட்டுங்கள். அறிகுறிகள் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு ஐந்து கிலோ இறக்கத்துக்கும் சமன்பாட்டைப் புதிய எடையில் மறுபடி போட வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு அளவாகக் குறைத்தும் இரண்டு, மூன்று மாதம் எடை நகரவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வதும் எடுத்துவரும் மருந்துகளைப் பற்றிக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

எட்டு மாதத்தில் அக்கா 67.4 கிலோவில் நின்றார். அங்கே இலக்கை உடனே கைவிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 கலோரி வீதம் கூட்டிக்கொண்டே வந்து, வாரச் சராசரி நிலைத்த இடத்தில் நிறுத்தினோம். அது 1,640இல் நின்றது. பழைய 1,750க்குத் திரும்பியிருந்தால் எடையும் மெதுவாகத் திரும்பியிருக்கும். கூடுதலாகக் கிடைத்த 240 கலோரியில் குறைத்திருந்த இட்லி திரும்ப வந்தது, மதியச் சோற்றில் ஒரு கரண்டி கூடியது. தாளிப்பு எண்ணெய் மட்டும் இன்றும் தேக்கரண்டியில்தான் அளக்கப்படுகிறது. எண்ணெய்க் கிண்ணத்துக்குள்ளேயே அந்தக் கரண்டியைப் போட்டுவைத்திருக்கிறார்.